விளைபொருள் என்ன என்று கேட்டால், நடுவில் என்ன பிறக்கிறது என்று பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3-மீத்தைல்-1-பியூட்டீனுடன் ஹைட்ரஜன் புரோமைடு வினைபுரிந்தால் முதன்மை விளைபொருள் என்ன? நீங்கள் மார்கோவ்னிகாஃப் விதியைப் போட்டு 2-புரோமோ-3-மீத்தைல்பியூட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விடைப்பகுதியில் 2-புரோமோ-2-மீத்தைல்பியூட்டேன் என்று இருக்கிறது. அது அச்சுப்பிழையா, இல்லை விதியே தப்பா, பொதுவாக ஒரு கரிம வினையின் விளைபொருளை எப்படித்தான் கண்டுபிடிப்பது என்பது உங்கள் கேள்வி.

அச்சுப்பிழை இல்லை. விதியும் சரிதான், நீங்கள் அதைப் போட்ட விதமும் சரிதான். ஆனால் விதியைப் போட்ட கையோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். அதற்கப்புறம்தான் அங்கே விஷயமே நடக்கிறது.

ஒரு தாளை எடுத்து மூலக்கூறை முழுசாக வரையுங்கள். கோட்டுப்படம் வேண்டாம், ஒவ்வொரு ஹைட்ரஜனையும் எழுதுங்கள். கோட்டுப்படம் பழகிய கைக்கு இது சலிப்பாக இருக்கும், தெரியும். ஆனால் இந்தக் கணக்கின் கதாநாயகனே கோட்டுப்படத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஹைட்ரஜன்தான். முதல் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டாவதில் ஒன்று, இந்த இரண்டுக்கும் நடுவே இரட்டைப் பிணைப்பு. மூன்றாவது கார்பனில் ஒரு ஹைட்ரஜன், ஒரு மீத்தைல் கிளை. நான்காவது, கடைசி மீத்தைல். மூன்றாவது கார்பனில் இருக்கிற அந்த ஒற்றை ஹைட்ரஜனை வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரட்டைப் பிணைப்பின் பை எலக்ட்ரான்கள் ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து புரோட்டானை எடுத்துக்கொள்கின்றன, புரோமைடு அயனி வெளியே போகிறது. புரோட்டான் எங்கே ஒட்டும்? முதல் கார்பனில் ஒட்டினால் இரண்டாவது கார்பனில் நேர்மின்சுமை, அது ஈரிணைய கார்பன் நேர்மின் அயனி (சுமையுள்ள கார்பனோடு ஒட்டியிருக்கும் மற்ற கார்பன்கள் ஒன்றென்றால் ஓரிணையம், இரண்டென்றால் ஈரிணையம், மூன்றென்றால் மூவிணையம்). இரண்டாவதில் ஒட்டினால் முதல் கார்பனில் நேர்மின்சுமை, அது ஓரிணையம், அப்படி ஒன்று இந்தச் சூழலில் உருவாவதே கடினம். ஆகவே முதல் கார்பனில்தான் ஒட்டும். மார்கோவ்னிகாஃப் 1870 வாக்கில் சொன்னது இதைத்தான், ஆனால் அவருக்கு எலக்ட்ரானும் தெரியாது, கார்பன் நேர்மின் அயனியும் தெரியாது. ஹைட்ரஜன் அதிகம் உள்ள கார்பனுக்கே ஹைட்ரஜன் போகிறது என்று ஆய்வக முடிவுகளைப் பார்த்துச் சொன்னார், அவ்வளவுதான். ஏன் போகிறது என்பதற்கு விடை பிற்பாடு வந்தது. அந்த விடை தெரிந்த நாம் இன்னும் பழைய வாசகத்தையே மனப்பாடம் செய்துகொண்டிருந்தால் இந்த மாதிரிக் கணக்கில் அது காலை வாரிவிடும்.

சரி, இப்போது இரண்டாவது கார்பனில் நேர்மின்சுமை நிற்கிறது. நீங்கள் உடனே புரோமைடைக் கொண்டுவந்து அங்கே ஒட்டிவிட்டீர்கள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இந்த அயனிக்கு இதைவிட வசதியான இடம் பக்கத்து வீட்டில் இருக்கிறதா?

இருக்கிறது. பக்கத்துக் கார்பன் மூன்றாவது. அதில் நீங்கள் வட்டமிட்ட ஹைட்ரஜன், தன் பிணைப்பில் இருக்கும் இரண்டு எலக்ட்ரான்களையும் மூட்டை கட்டிக்கொண்டு இரண்டாவது கார்பனுக்குத் தாவுகிறது. எலக்ட்ரான் இணையோடு போவதால்தான் இதை ஹைட்ரைடு இடப்பெயர்ச்சி என்கிறோம். வளை அம்புக்குறி போடும்போது இதை மறந்துவிடாதீர்கள்: அம்பு தொடங்க வேண்டியது கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் நடுவிலிருந்து, ஹைட்ரஜன் என்ற எழுத்திலிருந்து அல்ல. அம்பு எலக்ட்ரானின் பயணத்தைக் காட்டுகிறது, அணுவின் பயணத்தைக் காட்டவில்லை. இந்த ஒரு பழக்கம் சரியாக இருந்தால் பாதித் தவறுகள் தாமாகவே போய்விடும்.

தாவல் முடிந்ததும் இரண்டாவது கார்பன் நிறைவாகிவிட்டது. மூன்றாவது கார்பனில் நேர்மின்சுமை, அதைச் சுற்றி இரண்டு மீத்தைல், ஒரு எத்தைல். மூவிணையம். மூன்று பக்கத்திலிருந்தும் அதற்கு எலக்ட்ரான் அடர்த்தி கிடைப்பதால் முன்பிருந்ததைவிட நிலைப்புத்தன்மை அதிகம். இங்கேதான் புரோமைடு அதிகமாக வந்து சேர்கிறது.

சந்தேகம் பிடித்த ஆள் என்றால் அடுத்த கேள்வி வரும்: ஹைட்ரஜனுக்குப் பதில் மூன்றாவது கார்பனில் இருக்கும் மீத்தைல் தாவினால் என்ன? தாவலாம். வரைந்து பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். மீத்தைல் இரண்டாவது கார்பனுக்குப் போனால் அந்தக் கார்பனில் இப்போது இரண்டு மீத்தைல், ஒரு ஹைட்ரஜன். மூன்றாவது கார்பனில் நேர்மின்சுமை, ஒரு ஹைட்ரஜன், ஒரு மீத்தைல். புறப்பட்ட அதே ஈரிணைய அயனிதான், இடமும் வலமும் மாறி நிற்கிறது. போன மச்சான் திரும்பி வந்தான் கதை. அதனால் அந்தத் தாவலில் லாபமில்லை, ஹைட்ரைடு தாவினால் மட்டும்தான் மூவிணையம்.

பெயரிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு, பலர் சரியான அமைப்பை வரைந்துவிட்டு இங்கே விழுகிறார்கள். புரோமின் ஒட்டியிருப்பது நம் எண்ணிக்கையில் மூன்றாவது கார்பன், மீத்தைலும் அதே கார்பனில். அப்படியானால் 3-புரோமோ-3-மீத்தைல்பியூட்டேன் என்று எழுதலாமா? கூடாது, இரட்டைப் பிணைப்பு போய்விட்டதால் அந்தப் பக்கத்திலிருந்து எண்ணியே ஆக வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. இப்போது மறுமுனையிலிருந்து எண்ணினால் இரண்டும் 2 ஆகிறது. விடைப்பகுதியில் இருக்கும் 2-புரோமோ-2-மீத்தைல்பியூட்டேன் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய பொருள் குடுவையில் இல்லவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா ஈரிணைய அயனியும் தாவும்வரை புரோமைடு கைகட்டிக் காத்திருக்காது, சிலவற்றை வழியிலேயே பிடித்துவிடும். இதே ஆல்கீனோடு ஹைட்ரஜன் குளோரைடைச் சேர்த்தால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி இரண்டு குளோரைடுகளும் கிடைப்பதாகப் பாடநூல்களே சொல்கின்றன. ‘முதன்மை விளைபொருள்’ என்று கேள்வியில் இருப்பது அதனால்தான். என்னைக் கேட்டால், தேர்வில் இரண்டையும் வரைந்து எது முதன்மை, ஏன் என்று ஒரு வரி எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

இப்படிக் கார்பன் நேர்மின் அயனிகளுக்குள் தொகுதிகள் பக்கத்து அணுவுக்குத் தாவுகின்றன என்ற விளக்கத்தை 1932-இல் பொதுவான வடிவில் முன்வைத்தவர் அமெரிக்க வேதியியலாளர் ஃபிராங்க் விட்மோர். அதுவரை எதிர்பாராத பொருள் கிடைத்த வினைகளெல்லாம் தனித்தனி விதிவிலக்குகளாக, ஆளுக்கொரு பெயரோடு கிடந்தன.

எனக்கு இது மண்டையில் ஏறியது கல்லூரி ஆய்வகத்தில். 3,3-டைமீத்தைல்-2-பியூட்டனாலை அமிலத்தோடு சூடாக்கித் தண்ணீரை நீக்க வேண்டும். நான் வீட்டிலேயே கணக்குப் போட்டு வந்துவிட்டேன்: தண்ணீர் போனால் 3,3-டைமீத்தைல்-1-பியூட்டீன், கொதிநிலை 41 டிகிரி. வடிகலனை மாட்டிவிட்டு 41-இல் திரவம் சொட்டும் என்று வெப்பமானியையே பார்த்துக்கொண்டு நின்றேன். 41-இல் ஒன்றும் பெரிதாக வரவில்லை. ஐம்பதைத் தாண்டிய பிறகுதான் சொட்ட ஆரம்பித்தது, அப்புறம் மெல்ல மெல்ல எழுபதுக்கு ஏறியது. வெப்பமானி கெட்டுப்போச்சு என்று முடிவு கட்டி, வேறொன்றை வாங்கி வந்து மாட்டினேன். அதுவும் அதையே காட்டியது. ஆய்வக ஆசிரியர் வந்து குடுவையைப் பார்த்தார், என் நோட்டைப் பார்த்தார், ஒரே கேள்விதான் கேட்டார்: “நடுவுல என்ன இருந்துச்சு?” எனக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் என் நோட்டில் இடதுபக்கம் ஒரு பொருள், வலதுபக்கம் ஒரு பொருள், இடையில் ஒரு நீளமான அம்புக்குறி மட்டும்தான் இருந்தது.

நடுவில் இருந்தது ஈரிணைய அயனி, அதன் பக்கத்துக் கார்பனில் மூன்று மீத்தைல். அங்கே தாவுவதற்கு ஹைட்ரஜனே இல்லை, அதனால் ஒரு மீத்தைல் தாவியது, மூவிணைய அயனி வந்தது, அது ஒரு புரோட்டானை விட்டதும் கிடைத்தவை 73 டிகிரியில் கொதிக்கும் 2,3-டைமீத்தைல்-2-பியூட்டீனும், 56 டிகிரியில் கொதிக்கும் 2,3-டைமீத்தைல்-1-பியூட்டீனும். பாவம் அந்த வெப்பமானி.

அன்றிலிருந்து எந்த வினையைப் பார்த்தாலும் நான் கேட்பது அந்த ஆசிரியரின் கேள்வியைத்தான். வினைப்பொருளின் பெயரைப் பார்த்து ‘இதுக்கு இது வரும்’ என்று ஒப்பிப்பவர்கள் ஐம்பது வினை வரை தாக்குப்பிடிப்பார்கள், அதற்குமேல் எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிவிடும். நடுவில் பிறக்கும் பொருள் எது என்று தெரிந்தால் ஒப்பிக்க வேண்டிய அளவே சுருங்கிவிடுகிறது, காரணம் அப்படி நடுவில் வருபவை மொத்தமாகப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான்: நேர்மின் அயனி, எதிர்மின் அயனி, தனி உறுப்பு (இணையில்லாத ஒற்றை எலக்ட்ரான் உள்ளது), மூன்றணு வளையம், இல்லையென்றால் நடுவில் எதுவுமே நிற்காமல் ஒரே மூச்சில் முடிகிற வினை.

உங்கள் ஆல்கீனையே வைத்துக்கொண்டு காட்டுகிறேன். இதோடு தண்ணீரைச் சேர்த்து ஆல்கஹால் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழி உண்டு. நீர்த்த கந்தக அமிலத்தைப் போட்டால் நடுவில் வருவது மேலே பார்த்த அதே அயனி, அதே ஹைட்ரைடு தாவல், ஆகவே கிடைப்பது பெரும்பாலும் 2-மீத்தைல்-2-பியூட்டனால். மெர்க்குரிக் அசிட்டேட்டும் தண்ணீரும் போட்டு, அப்புறம் சோடியம் போரோஹைட்ரைடு போட்டால் நடுவில் வருவது பாதரசம் இரண்டு கார்பன்களையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மூன்றணு வளையம். நேர்மின்சுமை ஒரு கார்பனில் தனியாக அம்போவென்று நிற்பதே இல்லை, அதனால் பக்கத்து ஹைட்ரஜனுக்குத் தாவ வேண்டிய அவசியமும் இல்லை. தண்ணீர் அதிகக் கிளையுள்ள கார்பனைத் தாக்கும், கிடைப்பது 3-மீத்தைல்-2-பியூட்டனால். மூன்றாவது வழி போரான். போரேனைச் சேர்த்தால் போரானும் ஹைட்ரஜனும் ஒரே நேரத்தில், ஒரே பக்கத்திலிருந்து இரட்டைப் பிணைப்பின் மேல் உட்காருகின்றன. நடுவில் எந்த அயனியும் இல்லை. போரான் இடநெருக்கடி குறைந்த முனைக் கார்பனைப் பிடித்துக்கொள்ளும், பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடியம் ஹைட்ராக்சைடும் போட்டால் போரான் இருந்த அதே இடத்தில் ஹைட்ராக்சில் வரும், கிடைப்பது 3-மீத்தைல்-1-பியூட்டனால். ஒரே ஆல்கீன், மூன்று முறையும் கணக்குக்குச் சேர்ந்தது ஒரு மூலக்கூறு தண்ணீர்தான், கிடைத்ததோ மூன்று வேறு வேறு ஆல்கஹால். இந்தப் போரான் வழியை 1950-களில் கண்டறிந்து வளர்த்தெடுத்த ஹெர்பர்ட் பிரவுனுக்கு 1979-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பெராக்சைடு என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு குழப்பம் வரும், அதையும் தீர்த்துவிடலாம். இப்போது பார்த்த ஹைட்ரஜன் பெராக்சைடு, போரான்-கார்பன் பிணைப்பை ஆக்சிஜனேற்றம் செய்ய வந்தது, அதோடு அதன் வேலை முடிந்தது. ‘பெராக்சைடு விளைவு’ என்று சொல்வது வேறு. அது ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்க்கும்போது கரிமப் பெராக்சைடு கூட இருந்தால் நடப்பது. அங்கே நடுவில் வருவது தனி உறுப்பு. பெராக்சைடு உடைந்து, அது ஹைட்ரஜன் புரோமைடிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கி, புரோமின் அணுவைத் தனியாக விடுகிறது. முதலில் இரட்டைப் பிணைப்பில் ஒட்டுவது இந்தப் புரோமின் அணு. முனைக் கார்பனில் ஒட்டினால்தான் இரண்டாவது கார்பனில் ஈரிணையத் தனி உறுப்பு வரும், ஆகவே அங்கே ஒட்டுகிறது. கவனித்தீர்களா, அதிக நிலைப்புத்தன்மை உள்ள இடைநிலைப் பொருள் வழியாகப் போவது என்ற நியாயம் இங்கேயும் அதேதான். முதலில் வந்து ஒட்டியது யார் என்பது மட்டும் மாறிவிட்டது, அதனால் விளைபொருள் தலைகீழாகிவிட்டது: 1-புரோமோ-3-மீத்தைல்பியூட்டேன். தனி உறுப்பில் பக்கத்து ஹைட்ரஜன் இப்படித் தாவுவதில்லை, ஆகவே இங்கே நீங்கள் வட்டமிட்ட ஹைட்ரஜன் நகராது.

இந்தப் பெராக்சைடு விளைவுக்குப் பின்னால் ஒரு நல்ல கதை இருக்கிறது. ஹைட்ரஜன் புரோமைடு சேர்க்கும் வினையில் ஒருவருக்கு ஒரு பொருள், இன்னொருவருக்கு வேறு பொருள் என்று முடிவுகள் முன்னுக்குப்பின் முரணாக வந்துகொண்டிருந்தன. சிகாகோவில் காராஷும் மேயோவும் அல்லைல் புரோமைடை வைத்துப் பொறுமையாக ஆராய்ந்து, 1933-இல் காரணத்தைச் சொன்னார்கள்: காற்றுபட்டு நாள்பட்ட ஆல்கீனில் கொஞ்சம் பெராக்சைடு சேர்ந்துவிடுகிறது, அந்தக் கொஞ்சமே வினையின் பாதையைத் திருப்பிவிடுகிறது. ஆகவே கேள்வியில் அம்புக்குறியின் மேலே சின்ன எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் விடாதீர்கள். இது ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் குளோரைடில் பிணைப்பு மிக வலுவானது, கார்பன் தனி உறுப்பு அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்குவது லேசில்லை. ஹைட்ரஜன் அயோடைடில் ஹைட்ரஜன் சுலபமாக வந்துவிடும், ஆனால் அயோடின் அணுவுக்கு இரட்டைப் பிணைப்பில் ஒட்டுவதில் ஆற்றல் லாபமில்லை. சங்கிலியின் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் வினை ஓடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மந்தக் கரைப்பானில் புரோமின் சேர்த்தால் புரோமின் வளையம் நடுவில் வரும், கிடைப்பது 1,2-டைபுரோமோ-3-மீத்தைல்பியூட்டேன். அதையே தண்ணீரில் செய்தால் வளையத்தைத் திறக்க வருவது கூட்டமாக இருக்கிற தண்ணீர், ஆகவே 1-புரோமோ-3-மீத்தைல்-2-பியூட்டனால். ஓசோன் போட்டு, பிறகு துத்தநாகமும் தண்ணீரும் போட்டால் இரட்டைப் பிணைப்பு இரண்டாக வெட்டப்பட்டு 2-மீத்தைல்புரொப்பனல் என்ற ஆல்டிஹைடும் ஃபார்மால்டிஹைடும். வளையம் வரும் இடத்திலெல்லாம் தாவல் கிடையாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும்.

சேர்க்கை வினையை விட்டுப் பதிலீடு, நீக்கல் பக்கம் வந்தாலும் இதே கேள்விதான், கொஞ்சம் வேறு முகத்தோடு. இரண்டு புரோமைடு நம் கையில் இருக்கிறது: மூவிணையம் ஒன்று, பெராக்சைடு வழியில் வந்த ஓரிணையம் ஒன்று. இரண்டிலும் சோடியம் சயனைடைப் போடுங்கள். ஓரிணையத்தில் சயனைடு பின்பக்கமாக வந்து முட்டி, புரோமைடை வெளியே தள்ளிவிடும், 4-மீத்தைல்பென்டேன்நைட்ரைல் கிடைக்கும், ஒரு கார்பன் கூடிவிட்டது. மூவிணையத்தில் பின்பக்கம் நெருங்கவே முடியாது, மூன்று அல்கைல் தொகுதிகள் வழியை அடைத்து நிற்கின்றன. அங்கே சயனைடு காரமாக நடந்துகொண்டு பக்கத்துக் கார்பனிலிருந்து புரோட்டானை எடுத்துவிடும், ஆல்கீன்தான் மிஞ்சும். ‘சயனைடு என்றால் நைட்ரைல்’ என்று ஒப்பித்தவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள்.

அதே மூவிணையப் புரோமைடைச் சோடியம் ஈத்தாக்சைடோடு சூடாக்கினால் 2-மீத்தைல்-2-பியூட்டீன் சுமார் 70 சதவீதம், 2-மீத்தைல்-1-பியூட்டீன் சுமார் 30. செயிட்செஃப் விதி சொல்வதும் இதுதான், கிளை அதிகமுள்ள ஆல்கீன் முதன்மை. ஈத்தாக்சைடுக்குப் பதில் பொட்டாசியம் மூவிணைய பியூட்டாக்சைடைப் போட்டுப் பாருங்கள், விகிதம் அப்படியே கவிழ்ந்து 2-மீத்தைல்-1-பியூட்டீன் 70-ஐத் தாண்டுகிறது. அந்தப் பருத்த காரத்தால் உள்ளே இருக்கும் ஹைட்ரஜனை எட்ட முடியவில்லை, ஓரத்தில் இருக்கும் மீத்தைல் ஹைட்ரஜனோடு திருப்தியடைந்துவிடுகிறது. இங்கே நடுவில் நிற்கும் இடைநிலைப் பொருள் என்று எதுவும் இல்லை, ஆனாலும் நடுவில் யாரால் எங்கே நெருங்க முடிந்தது என்பதுதான் முடிவு செய்கிறது.

இன்னொரு பொறி, இதில் நன்றாகப் படிப்பவர்களே அதிகம் விழுவார்கள். 5-ஹைட்ராக்சி-2-பென்டனோனோடு ஒரு மோல் மீத்தைல் மெக்னீசியம் புரோமைடு என்ற கிரிக்னார்டு கரணி, பிறகு நீர்த்த அமிலம். என்ன கிடைக்கும்? கிரிக்னார்டு, கீட்டோன், ஆகவே மூவிணைய ஆல்கஹால் என்று கை தானாக எழுதும். ஆனால் அந்த மூலக்கூறின் இன்னொரு மூலையில் ஹைட்ராக்சில் இருக்கிறது. ஆல்கஹால் புரோட்டானின் பிகேஏ மதிப்பு (எண் குறையக் குறையப் புரோட்டான் எளிதாகப் போகும்) சுமார் 16, மீத்தேனுக்கு அது சுமார் 50. கிரிக்னார்டு கரணிக்கு இவ்வளவு பசியிருக்கும்போது முதலில் கையில் கிடைக்கிற அந்தப் புரோட்டானைத்தான் எடுக்கும், புரோட்டான் மாற்றத்தின் வேகத்தோடு கார்போனைல் போட்டியிட முடியாது. மீத்தேன் வாயுவாகப் போய்விடும், கரணி தீர்ந்தது. கடைசியில் அமிலம் ஊற்றினால் நீங்கள் ஆரம்பித்த அதே 5-ஹைட்ராக்சி-2-பென்டனோன் திரும்ப வருகிறது. இரண்டு மோல் போட்டிருந்தால் இரண்டாவது மோல் கீட்டோனைத் தாக்கி 4-மீத்தைல்-1,4-பென்டேன்டையால் கொடுத்திருக்கும். அதனால் வலுவான காரத்தன்மையுள்ள எதைப் பார்த்தாலும், வேறு எதையும் யோசிக்கும் முன் எளிதாகப் போகக்கூடிய புரோட்டான் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று ஒருமுறை மூலக்கூறு முழுக்கத் தேடிவிடுங்கள். எத்தனை மோல் என்ற எண்ணை வினாத்தாள் எழுதுபவர்கள் சும்மா போடுவதில்லை.

எழுதி முடித்ததும் கார்பனை எண்ணுங்கள். இது ஏதோ பள்ளிப்பிள்ளை வேலை மாதிரி தெரியும், ஆனால் நான் இன்றும் எண்ணுகிறேன். உங்கள் ஆல்கீனில் ஐந்து கார்பன், பத்து ஹைட்ரஜன். ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் ஐந்து கார்பன், பதினொரு ஹைட்ரஜன், ஒரு புரோமின். விளைபொருளில் அது அப்படியே வர வேண்டும். தாவல் நடக்கும்போது கார்பன் எதுவும் தொலையாது, புதிதாக முளைக்காது, ஆனால் மீத்தைலை நகர்த்தும்போது பழைய இடத்திலிருந்து அழிக்க மறந்துவிட்டு ஆறு கார்பனோடு விடை எழுதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்: உங்கள் விடையும் விடைப்பகுதியின் விடையும் மாற்றியங்கள், எண்ணிக்கை இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே எண்ணிக்கை தப்பென்றால் விடை நிச்சயம் தப்பு, எண்ணிக்கை சரியென்றால் விடை சரி என்று சொல்ல முடியாது.

முப்பரிமாண அமைப்பு கேட்டால் கடைசியில் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் 2-புரோமோ-3-மீத்தைல்பியூட்டேனில் புரோமின் உள்ள கார்பனைச் சுற்றி நான்கும் வேறு வேறு, அது கைரல் கார்பன், தட்டையான அயனியை இரண்டு பக்கத்திலிருந்தும் தாக்க முடிவதால் சுழிமாய்க் கலவையாக (இடக்கை, வலக்கை போன்ற இரு வடிவங்களும் சரிபாதியாக)க் கிடைக்கும். முதன்மை விளைபொருளில் இரண்டு மீத்தைல் ஒரே கார்பனில் இருப்பதால் அந்தக் கேள்வியே எழாது.

இப்போது நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள். 3-ஃபீனைல்-1-புரொப்பீன், அதோடு ஹைட்ரஜன் புரோமைடு, முதலில் பெராக்சைடு இல்லாமல், அப்புறம் பெராக்சைடோடு. ஹைட்ரஜன்கள் எல்லாவற்றையும் எழுதி வரையுங்கள். முதலாவதில் இரண்டாவது கார்பனில் ஈரிணைய அயனி வரும், பக்கத்திலிருந்து ஹைட்ரைடு தாவினாலும் கிடைப்பது ஈரிணையம்தான், அப்படியிருந்தும் தாவும், ஏனென்றால் புது இடத்தில் நேர்மின்சுமையைப் பென்சீன் வளையம் பகிர்ந்துகொள்கிறது. முதன்மையாக 1-புரோமோ-1-ஃபீனைல்புரொப்பேன். பெராக்சைடு இருந்தால் 1-புரோமோ-3-ஃபீனைல்புரொப்பேன். முதலாவதுக்கு 2-புரோமோ என்று எழுதியிருந்தால், பழையபடி பேனாவைச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டீர்கள்.